றஸ்ட் கொம்பைலரில் மாற்றங்களைக் கட்டாகச் சேர்ப்பது: யாழ்ப்பாணத்தில் இருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

றஸ்ட் நிரல்மொழியின் கொம்பைலருக்கு (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருளுக்கு) முதல் மாற்றத்தை அனுப்பிவிட்டு, "பரிசீலகர் ஓம் என்று சொல்லிவிட்டார், பிறகேன் இன்னும் உள்ளே போகவில்லை?" என்று எனக்கு எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள், கொழும்புக் கொம்பனிகளுக்கு வீட்டில் இருந்தே வேலை செய்கிற தம்பிமார், படிப்பு முடித்து வேலை தேடுகிற தங்கச்சிமார் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் ஒரு விடயத்தைச் சுற்றித்தான்: உலகத்தின் பல மூலைகளில் இருந்து தனித்தனியாக வரும் மாற்றங்களை (ஒரு மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்டு அனுப்பும் கோரிக்கைதான் பீஆர்) ஒரு கட்டாகச் சேர்த்து, ஒரே தரத்தில் கொம்பைலருக்குள் இணைக்கிற முறை.

அக்கா, என்னுடைய பீஆருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஏன் உடனே இணைக்கவில்லை?

அனுமதி கிடைப்பதும் இணைவதும் இரண்டு வேறு கட்டங்கள். பரிசீலகர் உங்கள் பீஆரின் கீழே "ஆர் பிளஸ்" என்று எழுதுவார். "நான் வாசித்தேன், எனக்குச் சரி" என்பதுதான் அதன் பொருள். எல்லோருக்கும் பொதுவான நிரல் இருக்கும் பிரதான கிளைக்குள் மனிதர் யாரும் கையால் எதையும் தள்ளுவதில்லை. பொர்ஸ் என்ற பொட் (தானாக வேலை செய்யும் நிரல்) அந்தக் கட்டளையை வாசித்து உங்கள் மாற்றத்தை வரிசையில் போடும். உங்கள் முறை வந்ததும், அந்த நேரத்துப் பிரதான கிளையையும் உங்கள் மாற்றத்தையும் ஒரு தற்காலிகக் கிளையில் ஒன்றாக்கி, முழுச் சோதனையையும் ஓட்டும். லினக்ஸ், விண்டோஸ், மக் எல்லாம் அதற்குள் வரும். 32 பிற், 64 பிற் இரண்டும் வரும். எல்லாச் சோதனையும் கடந்து பச்சையானால் அந்தத் தற்காலிகக் கிளையே புதிய பிரதான கிளையாகிவிடும். ஒரு இடத்தில் சிவப்பு விழுந்தாலும் பிரதான கிளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படி ஒரு ஓட்டம் முடிய 3 மணித்தியாலம் அளவு எடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஆகவே இரவு பகலாக ஓடினாலும் நாளொன்றுக்கு 8 இணைப்புகள் போலத்தான். அனுமதி பெறும் மாற்றங்களோ பல நாட்களில் அதைவிட எவ்வளவோ அதிகம். கட்டாகச் சேர்க்க வேண்டி வந்தது இதனால்தான்.

இணைக்கமுன் சோதிக்கிற இந்த முறையை யார் கொண்டுவந்தது?

றஸ்ட்டைத் தொடங்கிய கிரேடன் ஹோர்தான். மொசில்லாவில் இருந்த காலத்தில் பொர்ஸின் முதல் வடிவத்தை அவர் எழுதினார். எல்லாச் சோதனைகளையும் எப்போதும் கடந்து நிற்கும் நிலையில் ஒரு களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தை) தானியங்கியாகப் பேணவேண்டும் என்ற விதியை 2014இல் எழுதிவைத்தவரும் அவரே. இது ஒன்றும் ரொக்கெற் விஞ்ஞானம் இல்லை என்று அதற்குப் பெயரும் வைத்தார். பிறகு ஹோமு என்ற வேறு நிரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் களஞ்சியத்தில் பேசுகிற கணக்கின் பெயர் பொர்ஸாகவே இருந்தது. றஸ்ட் 1.0 வெளிவந்தது 2015 மே மாதம். அதற்கு முன்னரே இந்த ஒழுங்கு வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். பெரிய திட்டமான பிறகு தேவைக்காக ஒட்டிய ஒன்று அல்ல இது.

என் பீஆரும் பச்சை, மற்றவருடைய பீஆரும் பச்சை. இரண்டையும் ஏன் சேர்த்துச் சோதிக்க வேண்டும்?

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிற கேள்வி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொம்பைலர் காட்டும் ஒரு பிழைச் செய்தி விளங்கவில்லை என்று, அதில் இரண்டு சொற்களை மாற்றி நீங்கள் ஒரு பீஆர் அனுப்புகிறீர்கள் என்று வைப்போம். றஸ்ட் களஞ்சியத்தில் ஒவ்வொரு சின்னச் சோதனை நிரலுக்கும் பக்கத்தில், கொம்பைலர் என்ன செய்தி காட்டவேண்டும் என்ற எதிர்பார்ப்புக் கோப்பு ஒன்று இருக்கும். அந்தச் செய்தி வருகிற எல்லாக் கோப்புகளையும் நீங்கள் ஒழுங்காகப் புதுப்பித்துவிட்டீர்கள். அதே கிழமையில் பேர்ளினில் இருக்கிற ஒருவர், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்காகப் புதுச் சோதனை ஒன்று எழுதுகிறார். தற்செயலாக அதிலும் அந்தப் பிழைச் செய்தி வருகிறது. அவருடைய கிளையில் உங்கள் மாற்றம் இல்லை, எனவே அவருடைய எதிர்பார்ப்புக் கோப்பில் பழைய சொற்கள்தான்.

இரண்டும் தனித்தனியே பச்சை. இருவரும் தொட்ட கோப்புகள் வேறு வேறு என்பதால், மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கருவியான கிற்றுக்கு முரண்பாடு எதுவும் தெரியாது, மறுபேச்சில்லாமல் இணைத்துவிடும். இணைத்தபின் ஓடவிட்டால் சிவப்பு. இரண்டு பேரில் ஒருவரும் பிழை விடவில்லை.

இதே மாதிரி ஒருவர் ஒரு செயற்கூறுக்கு இன்னொரு உள்ளீட்டைச் சேர்ப்பார். மற்றவர் வேறொரு கோப்பில் அதைப் பழைய முறையில் புதிதாக அழைத்திருப்பார். சேர்த்தால் கொம்பைலரே கட்டப்படாது. வரிகளை ஒப்பிடுகிற கருவியால் பொருளில் இருக்கும் மோதலைப் பிடிக்க முடியாது. சேர்ந்த நிலையை ஓட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பொர்ஸ் உங்கள் கிளையைச் சோதிக்காமல், உங்கள் கிளை இணைந்தால் பிரதான கிளை எப்படி இருக்குமோ அதைச் சோதிப்பது இதற்காகத்தான்.

அப்போ றோல்அப் என்றால் என்ன?

அனுமதி பெற்ற பல பீஆர்களை எடுத்து, ஒரே கிளையில் ஒன்றின்மேல் ஒன்றாக இணைத்து, அந்தக் கிளையையே ஒரு புதுப் பீஆராகத் திறப்பது. தலைப்பில் "8 பீஆர்களின் றோல்அப்" என்ற மாதிரி இருக்கும். கீழே ஒவ்வொன்றின் இலக்கமும் தலைப்பும் வரும். பொர்ஸின் வரிசைப் பக்கத்தில் இதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு மனிதர் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அனுமதி உள்ள சில தன்னார்வலர்கள் நாளாந்தம் இந்த வேலையைச் செய்கிறார்கள். வெளியே அதிகம் பேசப்படாத வேலை. இது நின்றால் சில நாட்களிலேயே வரிசை தேங்கிவிடும்.

றோல்அப் திறந்ததும் அதற்கும் ஒரு ஆர் பிளஸ் கொடுத்து, வரிசையில் முன்னுரிமையும் கொடுப்பார்கள். முழுச் சோதனை ஒரு தடவை ஓடும். பச்சையானால் 8 மாற்றங்களும் 3 மணித்தியாலத்தில் உள்ளே. தனித்தனியாகப் போயிருந்தால் முழு நாளும் போயிருக்கும்.

அப்படியென்றால் 50ஐ ஒன்றாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பீஆரும் முழுச் சோதனையில் விழ நூற்றுக்கு 5 வாய்ப்பு என்று வையுங்கள். 8ஐச் சேர்த்தால் எல்லாம் கடக்கும் வாய்ப்பு 0.95இன் எட்டாம் அடுக்கு, அதாவது நூற்றுக்கு 66. மூன்றில் ஒரு றோல்அப் விழும். 20ஐச் சேர்த்தால் கடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 36தான். 50 என்றால் நூற்றுக்கு 8 கூட வராது.

இனி அதே கணக்கில் ஆபத்தை மட்டும் மாற்றுங்கள். விழும் வாய்ப்பு நூற்றுக்கு 1 மட்டுமே இருக்கிற பீஆர்களைத் தேர்ந்தெடுத்து 8ஐச் சேர்த்தால், றோல்அப் கடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 92. ஆகவே கட்டின் அளவைவிடக் கட்டுக்குள் எது போகிறது என்பதுதான் முக்கியம். விழுந்த றோல்அப்புக்கு இன்னொரு விலையும் உண்டு: யாரால் விழுந்தது என்று நீண்ட பதிவுகளை ஒருவர் இருந்து வாசிக்க வேண்டும். கட்டு பெரிதானால் அந்தத் தேடலும் பெரிதாகும்.

எந்த மாற்றம் கட்டுக்குள் போகும், எது தனியாகப் போகும்?

ஒவ்வொரு பீஆருக்கும் பரிசீலகர் நான்கில் ஒரு குறிப்பைக் கொடுக்கலாம்.

ஓல்வேய்ஸ்: ஆவணத்தில் எழுத்துப்பிழை, குறிப்புரைத் திருத்தம், சோதனை மட்டும் சேர்ப்பது போன்றவை. எந்தக் கட்டிலும் பயமில்லாமல் போடலாம்.

மேபி: ஒன்றும் சொல்லாவிட்டால் இதுதான். பெரும்பாலானவை இதற்குள் அடங்கும்.

இஃபி: விழக்கூடும் என்ற சந்தேகம் உள்ளவை. குறிப்பிட்ட இயங்குதளத்தைத் தொடும் மாற்றங்கள் நல்ல உதாரணம். றோல்அப் செய்பவர் இவற்றில் ஒன்றை எடுத்தாலும் யோசித்துத்தான் எடுப்பார்.

நெவர்: எப்போதும் தனியாகத்தான். கொம்பைலரின் வேகத்தைத் தொடக்கூடியவை, எல்எல்விஎம் (இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் பின்பகுதி) பதிப்பை மாற்றுபவை, பின்னாளில் பிழை வந்தால் தனியே அடையாளம் காணவேண்டியவை. ஏற்கெனவே கட்டாக இருக்கிற றோல்அப் பீஆருக்கும் நெவர் குறிப்புத்தான், இல்லாவிட்டால் கட்டுக்குள் கட்டாகிவிடும்.

குறிப்பைக் கொடுக்கிற உரிமை உங்களுக்கு இருக்காது. ஆனால் உங்கள் மாற்றத்தைப் பற்றி உங்களை விட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. "இது விண்டோஸ் பாதைகளைத் தொடுகிறது, நான் லினக்ஸில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தேன்" என்று பீஆர் விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி, முகம் தெரியாத இன்னும் ஏழு பேருடைய மாற்றங்கள் அநியாயமாகத் தாமதிப்பதைத் தடுக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், பலவீனமாகத் தெரியும் என்று. எனக்கோ அப்படி எழுதியிருப்பவருடைய அடுத்த பீஆரில் நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

பீஆர் பக்கத்தில் எல்லாம் பச்சை. றோல்அப்பில் மட்டும் எப்படி விழுந்தது?

பீஆர் திறந்ததும் ஓடுவது ஒரு சிறு தொகுதிச் சோதனை மட்டுமே, பெரும்பாலும் 64 பிற் லினக்ஸில். ஒவ்வொருவர் தள்ளும் ஒவ்வொரு கொமிற்றுக்கும் (பதிந்த மாற்றத்துக்கும்) முழுச் சோதனையையும் ஓட்டுவதற்குக் கணினி வளம் காணாது. முழுச் சோதனை வருவது வரிசையில் முறை வரும்போதுதான்.

அங்கே விழுகிற வழமையான காரணங்களைத் தெரிந்துவைத்திருங்கள். விண்டோஸில் கோப்புப் பாதையின் சாய்கோடு மறுபக்கம் சாயும். எதிர்பார்ப்புக் கோப்பில் பாதை வந்தால் கவனம். 32 பிற் இயந்திரத்தில் சுட்டியின் அளவு 4 பைற், உங்கள் லப்ரொப்பில் 8; சோதனையில் அந்த எண் நேரடியாக இருந்தால் விழும். சந்தேகம் இருந்தால், வரிசைக்குப் போகமுன் அந்தத் தளத்தில் மட்டும் ஒரு ட்ரை ஓட்டம் போட்டுத்தரும்படி பரிசீலகரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவர்களும் தங்களுக்குள் கேட்பதுதான்.

என்னுடையதை றோல்அப்பில் இருந்து தூக்கிவிட்டார்கள். கரும்புள்ளியா?

இல்லவே இல்லை. றோல்அப் விழுந்ததும் அதைச் செய்தவர் பதிவை வாசித்து, எந்தப் பீஆர் என்று கண்டுபிடிப்பார். அந்தப் பீஆரில் பதிவின் இணைப்பைப் போட்டு "ஆர் மைனஸ்" என்று எழுதுவார். உங்கள் அனுமதி தற்காலிகமாக எடுக்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள். பிறகு அந்த றோல்அப்பை மூடிவிட்டு, மற்ற ஏழோடு புதிதாக ஒன்றைத் திறப்பார். பல வருடமாக வேலை செய்கிறவர்களுடையதும் இப்படி வெளியே வரும்.

இந்த முறை முழுவதும் ஒரு விடயத்தில்தான் நிற்கிறது: கட்டில் இருக்கிற எதையும், மற்றவற்றைத் தொடாமல், தனியே உருவி எடுக்க முடியவேண்டும். அதனால்தான் புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒரு பீஆரில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பிழைச் செய்தியையும் திருத்தி, போகிற வழியில் ஒரு செயற்கூறின் பெயரையும் மாற்றி, பக்கத்துக் கோப்பில் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தி அனுப்பினால், அதில் எது விழுத்தியது என்று தேட வேண்டியிருக்கும். நல்ல பகுதியும் சேர்ந்து வெளியே நிற்கும். மூன்று சின்னப் பீஆர்களாக வந்திருந்தால் இரண்டு அன்றே உள்ளே போயிருக்கும்.

தூக்கப்பட்டால் என்ன செய்வது? பதிவில் விழுந்த சோதனையின் பெயரைத் தேடிப் பாருங்கள். திருத்தித் தள்ளுங்கள். அப்புறம், பலர் மறந்துவிடுவது இதைத்தான்: லேபிள்களை மாற்றும் இன்னொரு பொட்டான றஸ்ட்பொட்டுக்கு "ரெடி" என்று ஒரு கட்டளை எழுதுங்கள். அதை எழுதும்வரை உங்கள் பீஆரில் "எழுதியவருக்காகக் காத்திருக்கிறது" என்ற லேபிள்தான் தொங்கும். பரிசீலகர் அதைத் திறந்தும் பார்க்கமாட்டார். கிழமைக்கணக்காக நின்ற எத்தனையோ பீஆர்கள் இந்த ஒரு கட்டளை இல்லாமல்தான் நின்றன.

என் மாற்றத்தால் இல்லாமல் வேறு காரணத்தால் விழுந்தால்?

வலையமைப்புத் தடங்கல், சோதனை இயந்திரம் இடையில் நின்றது போன்றவை நடக்கும். "ரீட்ரை" என்று எழுதி மறுபடி ஓடவிடுவார்கள். நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

முரண்பாடு வந்துவிட்டது, இணைக்க முடியாது என்று பொட் எழுதியிருக்கிறது.

உங்களுக்கு முன்னால் போனது நீங்கள் தொட்ட வரிகளையே தொட்டுவிட்டது. பிரதான கிளையின் புதிய நிலையின்மேல் உங்கள் கொமிற்றுகளை றீபேஸ் செய்யுங்கள், அதாவது திரும்ப அடுக்குங்கள். பிரதான கிளையை உங்கள் கிளைக்குள் இணைத்து அனுப்பாதீர்கள். பீஆருக்குள் அப்படியான இணைப்புக் கொமிற்றுகளை றஸ்ட் ஏற்பதில்லை. புதிதாகத் தள்ளியதும் பழைய அனுமதி போய்விடும், மறுபடி ஆர் பிளஸ் வேண்டும். திருத்தம் சின்னது என்றால் சில பரிசீலகர்கள் அனுமதி கொடுக்கும் உரிமையை அந்த ஒரு பீஆருக்கு மட்டும் உங்களிடமே ஒப்படைப்பார்கள். அப்படிக் கிடைத்தால், அவர் பார்த்ததைத் தவிர வேறெதையும் அதற்குள் சேர்க்காதீர்கள்.

றோல்அப் செய்தவரின் பெயரில் போகிறதே, என் பெயர் வருமா? நேர்முகத்தேர்வில் காட்டவேண்டும்.

வரும். உங்கள் கொமிற்றுகள் அப்படியே, உங்கள் பெயரோடு வரலாற்றில் இருக்கும். ஒவ்வொரு பீஆருக்கும் தனி இணைப்புக் கொமிற்றும் உண்டு, அதில் பரிசீலகரின் பெயரும் இருக்கும். உங்கள் பீஆரும், களஞ்சியம் இருக்கும் தளமான கிற்ஹப்பில் "இணைக்கப்பட்டது" என்ற ஊதா நிறத்துக்கு மாறும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பங்களித்தவர்களின் பெயர்ப்பட்டியலை றஸ்ட் திட்டமே தன் நன்றிப் பக்கத்தில் போடுகிறது. அதைக் காட்டுங்கள்.

கட்டாகச் சேர்ப்பதால் கெடுதலே இல்லையா?

இருக்கிறது. இரண்டு கெடுதல்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது வேகம். பிரதான கிளையில் நடக்கும் ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் கொம்பைலர் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறார்கள். முக்கியமாகப் பார்ப்பது எத்தனை இயந்திரக் கட்டளைகள் ஓடின என்ற எண்ணிக்கையை. றோல்அப் இணைந்தபின் அந்த எண் கூடினால், எட்டில் எது கூட்டியது? ஒன்று கூட்டி இன்னொன்று குறைத்து, மொத்தத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். இதனால்தான் வேகத்தைத் தொடக்கூடியவற்றுக்கு நெவர் கொடுக்கிறார்கள். யாரும் எதிர்பாராத ஒன்று நுழைந்துவிட்டால் தேடுவதற்கு, றோல்அப்பில் இருந்த ஒவ்வொரு பீஆரையும் தனித்தனியே கட்டி அளக்கும் வசதியையும் செய்துவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பின்னாளில் பிழை தேடுவது. "போன மாதம் வேலை செய்த நிரல் இப்போது கொம்பைல் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால், கார்கோ-பைசெக்ற்-றஸ்ட்சி என்ற கருவி இடைப்பட்ட நாட்களைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போய், எந்த இணைப்பில் உடைந்தது என்று சொல்லும். அது காட்டுவது றோல்அப் என்றால் அதற்குமேல் மனிதர்தான் பார்க்கவேண்டும். அங்கேயும், ஒரு பீஆரில் ஒரு வேலை என்று எழுதியவர்கள் தேடுகிறவரைக் காப்பாற்றுகிறார்கள்: எட்டுத் தலைப்புகளை வாசித்தாலே பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தாலும் கட்டு வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கட்டு இல்லாவிட்டால் முதலில் பின்தள்ளப்படுவது எழுத்துப்பிழைத் திருத்தமும் ஆவணத் திருத்தமும். அதாவது புதியவர்களின் முதல் பங்களிப்பு.

வேறு கொம்பைலர்களும் இப்படித்தானா?

எல்லாம் அல்ல. றஸ்ட் தன் பின்பகுதிக்குப் பாவிக்கும் எல்எல்விஎம்மை எடுங்கள். அங்கே பரிசீலனை முடிந்ததும் மாற்றம் பிரதான கிளைக்குள் போய்விடும். பலவகை இயந்திரங்களில் ஓடும் முழுச் சோதனை இணைந்த பிறகுதான் நடக்கும். உடைந்தால் அந்த மாற்றத்தைத் திருப்பி எடுப்பார்கள். வேகமான முறை, ஆனால் இடைப்பட்ட நேரத்தில் பிரதான கிளையை இறக்கியவருக்கு உடைந்த கொம்பைலர் கிடைக்கலாம். விழுந்த கட்டைத் தானாகவே இரண்டாகப் பிரித்துப் பிரித்துக் குற்றவாளியைத் தேடும் பொர்ஸ்-என்ஜி என்ற பொட்டும் இருந்தது. கிற்ஹப்பே இணைப்பு வரிசை என்ற வசதியை 2023 யூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

எங்கள் இறுதியாண்டுக் குழுத்திட்டத்துக்கு இது பயன்படுமா? நாங்கள் நான்கு பேர்தான்.

கட்டு தேவையில்லை. உங்கள் சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், வரிசை தேங்காது. ஆனால் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரதான கிளைக்குள் யாரும் நேரடியாகத் தள்ளக்கூடாது, இணைந்த நிலையைச் சோதித்தபின்தான் இணைக்கவேண்டும். களஞ்சியம் பொதுவானதாகவும் ஒரு கிற்ஹப் அமைப்பின் கீழும் இருந்தால் இணைப்பு வரிசையைக் காசில்லாமலே பாவிக்கலாம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு "யாருடைய கோட் உடைத்தது" என்று நண்பர்கள் சண்டை பிடிப்பதை இது நிச்சயம் குறைக்கும்.

என்னிடம் சின்ன லப்ரொப்தான், டேற்றாவும் மட்டு. கரன்ட் வேறு போகும். கொம்பைலரைக் கட்ட முடியுமா?

திட்டத்தின் வழிகாட்டி சொல்வது: 30 ஜிபி வெற்றிடம், 8 ஜிபி ரம், இரண்டு கோர். அதற்குமேல் இருந்தால் நல்லது.

டேற்றாவில் மிச்சம் பிடிக்க, பழைய வரலாற்றுக் கோப்புகளின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் இறக்கும் பகுதிக் குளோனைப் பாவியுங்கள். இரவுநேர டேற்றா கூடக் கிடைக்கும் பக்கேஜ் உங்களிடம் இருந்தால், முதல் தரம் இறக்குவதை அந்த நேரத்துக்கு விடுங்கள். எல்எல்விஎம்மை வீட்டில் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிய பிரதியை இறக்கிக்கொள்ளும்படி, களஞ்சியத்தோடு வரும் கட்டும் கருவியான எக்ஸின் "எக்ஸ் செற்றப்" கட்டளையிலேயே தேர்ந்தெடுக்கலாம். அன்றாட வேலைக்கு "எக்ஸ் செக்" போதும்: அது வகைச் சரிபார்ப்போடு நின்றுவிடும், முழுக் கொம்பைலரையும் கட்டாது.

கரன்ட் போனால் வீட்டில் ஓடும் கட்டுமானம் நிற்கும், அவ்வளவுதான். வரிசையும் முழுச் சோதனையும் உங்கள் கணினியில் ஓடுவதில்லை. ஆர் பிளஸ் கிடைத்தபின் நீங்கள் இணையத்தில் இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை.

நேரவித்தியாசம் காரணமாக எங்களைப் பின்தள்ளுகிறார்களா?

வரிசைக்கு ஊர் தெரியாது. ஆனால் பரிசீலகர் மனிதர், அவருக்கு இரவு உண்டு. எங்கள் இரவு 9 மணிக்கு, கோடை காலத்தில், பேர்ளினில் பின்னேரம் 5.30, சான் பிரான்சிஸ்கோவில் காலை 8.30. இரண்டு பக்கமும் விழித்திருக்கிற நேரம் அது. கேள்வி கேட்க வேண்டுமானால் அப்போது கேளுங்கள், பதில் கெதியாக வரும். பலர் சம்பளமில்லாமல் செய்யும் வேலை என்பதையும் மறக்கவேண்டாம். இரண்டு வாரம் போல ஒரு சத்தமும் இல்லை என்றால் மரியாதையாக ஒருதரம் நினைவூட்டுவதில் தவறில்லை.

ஆங்கிலம் எழுதப் பயமாக இருக்கிறது.

சின்ன வசனங்கள் போதும். என்ன நடந்தது, என்ன நடந்திருக்கவேண்டும், என்ன மாற்றினேன், எங்கே ஓட்டிப் பார்த்தேன். பரிசீலகர்களில் பெருந்தொகையானோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல.

தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?

உண்டு. 2021 யூனில் வந்த றஸ்ட் 1.53இல் இருந்து மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம். பிழைச் செய்தியில் தவறான இடத்தின் கீழே அடிக்குறி வரும் அல்லவா? ஒவ்வொரு எழுத்தும் திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் அந்த இடம் கணக்கிடப்படுகிறது. கொம்பும் விசிறியும் புள்ளியும் வரும் எங்கள் எழுத்தை ஒவ்வொரு ரேர்மினலும் ஒவ்வொரு மாதிரி வரையும். தமிழ்ப் பெயர்களோடு சின்ன நிரல்கள் எழுதி, வேண்டுமென்றே பிழைவிட்டு, குறி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே யாரும் பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு, புதிதென்றால் பதியுங்கள். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு சோதனைக் கோப்பைச் சேர்ப்பது நல்ல முதல் பீஆர், கட்டுக்குள்ளும் பயமில்லாமல் போகும்.

இணைந்துவிட்டது. என் கணினியில் இருக்கிற றஸ்ட்டுக்கு எப்போது வரும்?

நைற்லி (நாள்தோறும் வரும் பதிப்பு) பாவித்தால் ஒரு நாள் அளவில். கிறீன்விச் நள்ளிரவில், எங்கள் நேரப்படி விடிய 5.30க்கு, அதுவரை இணைந்ததை வைத்து நைற்லி போகும். நிலையான பதிப்பு 6 கிழமைக்கு ஒருதரம் வருகிறது. அதற்குமுன் 6 கிழமை பீற்றாவில் (முன்னோட்டப் பதிப்பில்) இருக்கும். எந்த நாளில் இணைந்தது என்பதைப் பொறுத்து, 6 முதல் 12 கிழமைக்குள் உங்கள் மாற்றம் எல்லோருக்கும் போய்ச்சேரும். அவசரமான பிழைத்திருத்தம் என்றால் பீற்றாவுக்கு நேரே எடுத்துச் செல்லும்படி முன்மொழியலாம், அதற்கென்று ஒரு லேபிள் இருக்கிறது. அப்போது றோல்அப்பில் இருந்து உங்கள் கொமிற்றுகளை மட்டும் உருவிப் பீற்றாக் கிளையில் வைப்பார்கள். வேறு வேலைகளை அதற்குள் கலக்காமல் அனுப்பியிருந்தால் அது சிரமமில்லாமல் நடக்கும்.